வீஸோ பார்க்காத வீடியோக்கள்

வீஸோவுக்கு வீடியோ பார்க்கும் பழக்கமே கிடையாது. இதை அவர் வாயாலேயே தினமும் கேட்கலாம். காலையில் என் கடைக்கு வருவார், பால் கலக்காத காபியை வாங்கிக்கொள்வார், பலகையில் முழங்கையை ஊன்றுவார். பிறகு யாரும் கேட்காமலேயே ஆரம்பிப்பார்.

"நெஃப்தாவோட வீடியோவா? நான் அதையெல்லாம் பார்க்கிறதே இல்ல. அந்த ரொட்டிக்காரன் இன்ஜின் பிரிக்கிறதைப் பார்க்கிற நேரத்துக்குச் சும்மா சுவரைப் பார்த்துட்டு உட்காரலாம்."

அதன் பிறகு அரைமணி நேரம் அந்த வீடியோவில் என்னென்ன தப்பு என்று விளக்குவார்.

"பார்க்காமலேயே இவ்வளவும் எப்படித் தெரிஞ்சுது?" என்று ஜூனித்தோ கேட்பான். எதிரே இருக்கும் உதிரிபாகக் கடை அவனுடையது.

"யாரோ சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"ஊரே பேசுது. நான் என்ன காதைப் பொத்திக்கவா?"

ஜூனித்தோ என்னைப் பார்ப்பான். நான் சட்டியில் கிடக்கும் அல்கபூரியா என்கிற கறிவடையைத் திருப்பிப் போடுவேன். சிரித்துவிட்டால் அந்த மனுஷர் ஒரு வாரம் கடைப்பக்கம் வரமாட்டார். அவர் வராவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

என் பெயர் மிக்தாலியா. எங்கள் தீவில், குராபோ என்கிற ஊரில் இந்தக் கடையை வைத்திருக்கிறேன். எனக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜூனித்தோவிடம் சாமான் வாங்க வந்தவர்கள், மீதிப் பேர் வாங்கியவர்களுக்கு யோசனை சொல்ல வந்தவர்கள். என்னிடமும் பழைய மாஸ்டா கார் ஒன்று உண்டு, ரோட்டரி இன்ஜின் வைத்தது. சலினாஸ் கார்ப் பந்தயப் பாதையில் மீசை வைத்த பல பேரை அதில் பின்னால் விட்டிருக்கிறேன். ஆகவே எனக்கும் அபிப்பிராயம் சொல்ல உரிமை இருக்கிறது. நேரம்தான் இல்லை.

ரோட்டரி பிடித்தவர்களின் தலையெழுத்தே தனி. பிஸ்டன் கிடையாது, உள்ளே முக்கோணமாக ஒரு ரோட்டர் சுற்றும், அவ்வளவுதான் இன்ஜின். 'ப்ராப் ப்ராப் ப்ராப்' என்று அது நின்ற இடத்தில் உறுமும்போது வயிற்றுக்குள் ஏதோ ஆடும். ஒருதடவை அந்த ஆட்டம் பிடித்துப்போனவர்களுக்கு வேறு எந்த வண்டியும் வண்டியாகத் தெரியாது. அது அடிக்கடி உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் எங்கள் ஆட்கள் இவ்வளவு பேசுகிறார்கள். ஓடிக்கொண்டே இருந்தால் பேச என்ன இருக்கிறது?

நெஃப்தா என்கிற நெஃப்தாலி பேக்கரி வண்டி ஓட்டுகிறவன். விடிவதற்குள் கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டு மதியம் வீட்டுக்கு வந்துவிடுவான். எந்தப் பட்டறையிலும் அவன் ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. சொந்தக் கார் உடைந்தபோது ஒரு மெக்கானிக் நாளைக்கு, நாளைக்கு என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார். கோபத்தில் இவன் காரை வீட்டுக்கு இழுத்துவந்து தானே பிரித்துப் போட்டான். சேர்த்தான், உடைந்தது. மறுபடி பிரித்தான். உடைத்து உடைத்தே படித்த படிப்பு அது.

அதையெல்லாம் அவன் மனைவி யாதிரா கைப்பேசியில் படமெடுத்துப் போட ஆரம்பித்தாள். வெட்டுவது, ஒட்டுவது எதுவும் கிடையாது. ஒரு ஸ்பிரிங் தெறித்து ஓடினால் அவன் நாலுகாலில் தவழ்ந்து தேடுவான், நாமும் கூடவே தேட வேண்டும். கரண்ட் போனால் டார்ச் வெளிச்சத்தில் வேலை நடக்கும். பக்கத்து வீட்டுச் சேவல் அவன் முக்கியமான விஷயம் சொல்லும்போதுதான் கூவும். தப்பு செய்துவிட்டால் கேமராவைப் பார்த்து, "பார்த்துக்கிட்டீங்களா? இப்படித்தான் செய்யக் கூடாது" என்பான். ஒருமுறை பாடுபட்டுச் சேர்த்த இன்ஜின் ஓட்டிய அன்றே உடைந்துபோக, வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அழுதான். யாதிரா அதையும் நிறுத்தாமல் எடுத்தாள்.

அந்த அழுகை வீடியோவுக்குப் பிறகு அவனை உலகமே பார்க்க ஆரம்பித்தது. எழுதாத ஆள் பாக்கி இல்லை. "இவன் மெக்கானிக் இல்லய்யா, கசாப்புக்காரன்" என்று ஒருவர். "உன் பொறுமைக்குச் சிலை வைக்கணும் தலைவா" என்று அடுத்தவர். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கட்டுரை எழுதுவார், முடிவில் 'சுருக்கமாகச் சொன்னால்' என்று இன்னொரு கட்டுரை. "அந்தச் சேவலுக்கு முதல்ல ஒரு மைக் குடுங்க" என்று ஒருவர். எல்லோரும் தவறாமல் எழுதுவது ஒன்றுதான்: "மாமியாரைக் கேட்டதாச் சொல்லுங்க."

மாமியார் என்றால் யாதிராவின் அம்மா, டோன்யா ப்ரோவி. அந்த வீடியோக்களின் செல்லம். இன்ஜினின் முன்னால் புல்லிச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டைக் காரில் வைத்தே கழற்றுவதென்றால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதித்தால்தான் உள்ளே ஷாஃப்ட் முன்பக்கம் தள்ளி நிற்கும். மிதிக்காமல் விட்டால் அது பின்னால் நழுவும், உள்ளே இருக்கும் ஊசி பேரிங் இடம் மாறும். பிறகு போல்ட்டை முறுக்கும்போது அது நசுங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இன்ஜினைக் கிளப்பினால் நசுங்கிய ஊசிகள் எண்ணெயோடு உள்ளே போய் எல்லாவற்றையும் கிழித்துவிடும். எங்கள் பட்டறைகளில் கிளட்ச் மிதிப்பது கடைநிலை எடுபிடியின் வேலை. நெஃப்தா வீட்டில் அது டோன்யா ப்ரோவியின் வேலை. கோயிலுக்குப் போகும் செருப்போடு உட்கார்ந்து, ஒரு கால் கிளட்ச்சில், கையில் ஜெபமாலை என்று அந்த அம்மாள் மிதிப்பதைப் பார்க்கவே தனிக் கூட்டம் உண்டு.

வீஸோவும் மிதித்தவர்தான். இளவயதில் பயமோனில் ஒரு பெரிய மெக்கானிக்கிடம் சேர்ந்தார். முதலில் தரை கூட்டினார், பிறகு நட்டு போல்ட்டு கழுவினார், அதன் பிறகு கிளட்ச் மிதித்தார். ஸ்பேனர் கைக்கு வருவதற்குள் மீசை முளைத்துவிட்டது என்பார். பிறகு குராபோவில் சொந்தப் பட்டறை போட்டார். கை சுத்தம். வேலை முடிந்ததும் எலுமிச்சை தேய்த்துக் கழுவி, நகத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவர் சேர்த்த இன்ஜின் உடைந்ததாகச் சரித்திரம் இல்லை. உடைந்திருந்தால் ஓட்டியவன் மடையனாக இருப்பான், அல்லது பெட்ரோல் கலப்படமாக இருக்கும். சலினாஸில் பந்தயத்தன்று அவருடைய சொந்தக் காரே கோட்டைத் தாண்டுவதற்குள் புகைந்து நின்றது. அதுகூடப் பெட்ரோல் செய்த வேலைதான் என்று ஊருக்கே தெரியும்.

புயல் வந்து பட்டறைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் பிறகு அவர் திறக்கவில்லை. மனைவி லூர்தெஸ் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கடல் தாண்டி, கிஸிமியில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். இவரையும் வா வா என்றுதான் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்.

"அங்க எட்டு மணிக்கு மேல வண்டி உறுமினா போலீஸைக் கூப்பிடுறாங்க மிக்தா. அது ஊரா, ஆஸ்பத்திரியா?"

தனியாக இருக்கும் மனுஷர் சாயங்காலம் முழுக்க வீட்டில் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. அவர் வீட்டு ஜன்னல் வழியாகச் சேவல் கூவும் சத்தம் வருவதை மட்டும் ஒருநாள் கேட்டேன். அந்தத் தெருவில் சேவலே கிடையாது.

நெஃப்தா ஒருமுறை என் கடைக்கே வந்து அவரைக் கூப்பிட்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெண்களுக்கு 'டோன்யா' என்பதுபோல ஆண்களுக்கான மரியாதைச் சொல்லான 'டான்' போட்டு, "டான் வீஸோ, ஒரு வீடியோவுக்கு நீங்க வரணும். நாலு விஷயம் சொல்லித் தாங்க" என்றான். அவர் காபியைக் கீழே வைத்தார்.

"தம்பி, கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்துக்கிட்ட இன்ஜினை நான் கையால தொடமாட்டேன். உன் வீடியோவை நான் பார்த்ததும் இல்ல, பார்க்கப்போறதும் இல்ல."

கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். நெஃப்தாவின் காது சிவந்துபோனது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காபியை எடுத்துக் கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து வீஸோவால் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

இந்த வருடம் நெஃப்தா ஓர் இன்ஜினை ஆசை ஆசையாகச் சேர்த்தான். ரோட்டர் சுற்றும் உறைகள் இந்தக் காலத்தில் நல்ல நிலைமையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவனுக்கு ஒரு ஜோடி கிடைத்தது. தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து மாற்றிக்கொண்டான். வீடியோவில் அந்த உறையைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"இதான் கடைசி. யாதிராவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். இதுவும் உடைஞ்சா கடையைக் கட்டிடுவேன். ரொட்டி வண்டி இருக்கு, அது போதும்."

கேமரா லேசாக ஆடியது. பிடித்திருந்தவள் அவள்தானே.

இன்ஜின் காரில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் கடைக்கும் ஜூனித்தோ கடைக்கும் நடுவிலுள்ள காலி இடத்தில் நேரலையில் கிளப்புவதாக அறிவித்தான். அதோடு விட்டிருந்தால் வம்பே இல்லை. பார்க்கிறவர்களுக்குத் திடீரென்று ஒரு கவலை வந்துவிட்டது: புல்லி கறுப்பாக இருக்கிறதே! சிவப்பாக இருந்தால் எப்படி இருக்கும்! பொன் நிறம் என்றால்! நீலம் என்றது ஒரு கோஷ்டி. ஆஸ்திரேலியாக்காரர் நிறங்களின் வரலாறு எழுதினார். ஓட்டெடுப்பு நடந்தது. சிவப்பு ஜெயித்தது. வியாழக்கிழமை நெஃப்தா புல்லியைக் கழற்றி, வர்ணமடித்த சிவப்புப் புல்லியை மாட்டி, வீடியோ போட்டான்.

நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. கீழே கருத்துகள் குவிந்துகிடந்தன. ஒன்று விடாமல் எல்லாமே நிறத்தைப் பற்றித்தான்.

வெள்ளிக்கிழமை வீஸோ கடைக்கு வரவில்லை. சனிக்கிழமை வந்தார். காபி ஆறிப் போனது, அவர் தொடவில்லை. ஈ ஒன்று அதில் விழுந்து நீந்தியது, அதையும் அவர் பார்க்கவில்லை.

"மிக்தா, நீ அந்தச் சிவப்புப் புல்லி வீடியோ பார்த்தியா?"

"பார்த்தேனே. நீங்க?"

"நான் எங்கேம்மா பார்க்கிறேன்? ஒருத்தன் சொன்னான்." தொண்டையைச் செருமினார். "அவன் போல்ட்டைக் கழற்றும்போது பின்னாடி அடுப்படி தெரியுதாம். அங்க மாமியார்க்காரி நின்னு பகலாய்த்தோ மீன்வடை சுட்டுக்கிட்டு இருந்தாளாம்."

"இருந்திருப்பாங்க. வியாழக்கிழமை அவங்க மீன்தான் சாப்பிடுவாங்க."

"அடியே, அவ அங்க நின்னா காருக்குள்ள யாரு? பொண்டாட்டி கையில கேமரா. கிளட்ச்சை யாரு மிதிச்சா?"

என் கையிலிருந்த கரண்டி சட்டியில் விழுந்தது. எண்ணெய் தெறித்துச் சுட்டதுகூடப் பிறகுதான் உறைத்தது.

"அப்ப பேரிங்?"

"நசுங்கியிருக்கும். நாளைக்குக் கிளப்பினான்னா அந்த உறை, ரோட்டர், எல்லாம் போச்சு."

"போய்ச் சொல்லுங்களேன்!"

"எழுதினேனே." சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது... யாரோ எழுதியிருக்காங்களாம், வேற பேர்ல. கீழே ஒருத்தன், 'பொறாமை பிடிச்ச கிழவா, போய்ப் படு'ன்னு பதில் போட்டிருக்கான். அப்புறம் அது மேல நூறு பேர் நிறம் நிறம்னு எழுதி, அடியில போயிடுச்சு."

"நெஃப்தா வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு."

"நீ சொல்லேன் மிக்தா. நீ பார்த்தேன்னு சொல்லு. நீயும்தான் ரோட்டரி வச்சிருக்க. உன் வாயில வந்தா நல்லா இருக்கும்."

சொல்லியிருக்கலாம். நெஃப்தாவின் இன்ஜின் பெரிதா, என் பிடிவாதம் பெரிதா என்றால் அன்று பிடிவாதம்தான் பெரிதாக இருந்தது. ஞாயிறு காலைவரை இவர் வாய் திறக்காவிட்டால் நானே போய்ச் சாவியைப் பிடுங்குவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். வாயில் வந்தது வேறு.

"நான் புல்லியைத்தான் பார்த்தேன். மாமியாரைப் பார்த்தது நீங்க. பார்த்த கண்ணுக்குச் சொந்தக்காரர் போய்ச் சொல்லட்டும்."

ஆறின காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழாபோலக் கூட்டம். பொன்ஸேயிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்திருந்தன. ஜூனித்தோ ஸ்பீக்கர் வைத்தான். என் சட்டிக்கு ஓய்வே இல்லை. நெஃப்தா சலவைச் சட்டை போட்டு, காரின் முன்மூடியைத் திறந்து வைத்திருந்தான். உள்ளே சிவப்புப் புல்லி பளபளத்தது. யாதிரா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கானோர் அதில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோன்யா ப்ரோவி பூசையிலிருந்து நேராக வந்து, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

வீஸோவைக் காணோம். நான் அடுப்பை அணைத்தேன், கையைத் துடைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். நெஃப்தா காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டுவிட்டான்.

"நிறுத்து! சாவியைத் திருப்பாதே!"

வீஸோ தெருவில் ஓடிவந்துகொண்டிருந்தார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்க வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். ஜூனித்தோ பாட்டை அணைத்தான்.

"என்ன டான் வீஸோ?" என்றான் நெஃப்தா. குரலில் மரியாதையும் இருந்தது, பழைய வலியும் இருந்தது.

"புல்லியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாரு. ஒரு மயிரிழையாவது ஆடணும்."

நெஃப்தா இறங்கிப் போய்ப் பிடித்து ஆட்டினான். இன்னொரு தடவை ஆட்டினான். அவன் முகம் வெளிறியது.

"ஆடல."

"ஆடாது. நீ வியாழக்கிழமை போல்ட்டைக் கழற்றும்போது கிளட்ச்சுல யாரும் இல்ல."

"இருந்தாங்களே, அத்தைதான்..." நெஃப்தா சட்டென்று திரும்பி மாமியாரைப் பார்த்தான்.

டோன்யா ப்ரோவி நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ கர்த்தரே, நான் மீன் சுட்டுக்கிட்டு இருந்தேன்! என்னை யாரும் கூப்பிடலையே!"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அப்போதுதான் ஜூனித்தோவுக்குக் கேட்க வேண்டியதைக் கேட்கத் தோன்றியது. படுபாவி, மைக்கைப் பிடித்துக் கேட்டான்.

"டான் வீஸோ, வீடியோ பார்க்காத உங்களுக்குக் கிளட்ச்சுல யாரும் இல்லன்னு எப்படித் தெரியும்?"

எல்லோரும் திரும்பினார்கள். யாதிராவின் கைப்பேசியும் திரும்பியது. வீஸோ சட்டைப் பையில் கையை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். யாரோ சொன்னார்கள் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பார்த்தேன்," என்றார். "எல்லாத்தையும் பார்த்திருக்கேன். முதல் வீடியோவுலேருந்து. சிலதை ரெண்டு தடவை."

ஒருவன் விசிலடித்தான். சிரிப்பு வெடித்தது. "அழுத வீடியோவும் பார்த்தீங்களா?" என்று எவனோ கத்தினான். "அதைத்தான் ரெண்டு தடவை" என்றார் வீஸோ. நெஃப்தா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"பிரிப்போம். ஆனா பேரிங் எங்க கிடைக்கும், ஞாயித்துக்கிழமை?"

வீஸோ பையிலிருந்து எண்ணெய்க் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். புது பேரிங். தயாராகத்தான் வந்திருக்கிறார் கள்ளர்.

ரேடியேட்டர் கீழே வந்தது, புல்லி வந்தது, இன்ஜினின் முன்பக்க மூடி வந்தது. உள்ளே ஊசி பேரிங் தகடாக நசுங்கிக்கிடந்தது. இன்ஜின் இன்னும் ஓடாததால் ஒரு ஊசிகூட உள்ளே போகவில்லை. நெஃப்தா அதை எடுத்துக் கேமராவுக்குக் காட்டி, "பார்த்துக்கிட்டீங்களா? இப்படித்தான் செய்யக் கூடாது. நிறத்தைப் பார்த்து மயங்கிட்டேன்" என்றான். வெயில் உச்சிக்கு ஏறியது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நான் அடுப்பைத் திரும்பப் பற்ற வைத்தேன்.

எல்லாம் கழுவித் துடைத்துப் புது பேரிங்கை வைத்து மூடியபின், போல்ட்டை முறுக்கும் நேரம் வந்தது. டோன்யா ப்ரோவி செருப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நீங்க உட்காருங்கம்மா," என்றார் வீஸோ. "நான் மிதிக்கிறேன்."

கூட்டம் நெருங்கி வந்தது. அந்த வேலைக்கு எங்கள் ஊரில் என்ன மதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அவர் காரில் ஏறி, வலிக்கும் முழங்காலை ஒரு கையால் தூக்கி வைத்து, கிளட்ச்சைத் தரையோடு மிதித்தார். டோன்யா ப்ரோவி விடவில்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

"குதிகாலை ஊனிக்கோ தம்பி. விரலால மிதிச்சா நடுங்கும். அவன் சொல்ற வரைக்கும் தூக்கக் கூடாது, தெரிஞ்சுதா?"

"தெரியும்மா."

"தெரியும்னு சொல்றவங்கதான் தூக்கிடுவாங்க."

நேரலையில் கருத்துகள் கொட்டின. நான் யாதிராவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "யாருப்பா இந்தப் பெரியவர், மிதிக்கவே தெரியலையே?" "மாமியாரைத் திரும்பக் கூட்டி வாங்க!" "ஜெபமாலை இல்லாம மிதிச்சா செல்லாது!" வீஸோ பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தார். அவருக்கு முன்னால் திறந்து நின்ற முன்மூடி மட்டும்தான் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் நெஃப்தா குனிந்திருந்தான். கோயிலில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் கூண்டில் திரைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"டான் வீஸோ," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இத்தனை ஆயிரம் பேர் பார்த்தாங்க. ஒருத்தர் கண்ணுலயும் படல. உங்களுக்கு மட்டும் எப்படிப் பட்டுது?"

வீஸோ கதவைப் பார்த்தார். இறங்கிப் போகவும் முடியாது, கால் கிளட்ச்சில் இருந்தது.

"ஏன்னா நானும் அதைச் செஞ்சிருக்கேன். சலினாஸ்ல, பந்தயத்தன்னைக்கு. எப்பவும் லூர்தெஸ்தான் மிதிப்பா. அன்னைக்குக் காலையில அவகூடச் சண்டை. நீ வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டேன். புது புல்லி மாட்டினேன். அதுவும் சிவப்புதான், போ." மிதித்த காலைப் பார்த்துக்கொண்டார். "பெட்ரோல் சரியில்லன்னு ஊர்பூரா சொன்னேன். பெட்ரோல் நல்லாத்தான் இருந்துச்சு."

ஜூனித்தோ வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"லூர்தெஸுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் டோன்யா ப்ரோவி.

"இப்ப தெரிஞ்சிருக்கும். அவளும் இவன் வீடியோ பார்க்கிறா."

"அப்ப பரிகாரமா மூணு 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லு. காலைத் தூக்காதே."

வீஸோ சொன்னார். உதடு அசைவது கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. கால் வெடவெடவென்று நடுங்கியது, ஆனால் தூக்கவில்லை. இந்த மனுஷரை இத்தனை காலம் கேலி செய்தேனே என்று இருந்தது. நாளைக்கும் கேலி செய்வேன், அது வேறு.

நெஃப்தா கடைசி முறுக்கு முறுக்கிவிட்டுப் புல்லியைப் பிடித்து ஆட்டினான். மயிரிழை ஆடியது. ரேடியேட்டரை மாட்டி, தண்ணீர் ஊற்றி, கதவோரம் வந்தான்.

"இப்ப எடுங்க காலை. அப்படியே சாவியைத் திருப்புங்க."

"நீ சேர்த்த இன்ஜின். நீ திருப்பு."

"உட்கார்ந்திருக்கிறது நீங்கதானே டான் வீஸோ. இறங்கி ஏறுறதுக்குள்ள பொழுது போயிடும்."

அவர் திருப்பினார். முதலில் முக்கியது, இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. ப்ராப் ப்ராப் ப்ராப் ப்ராப். ஜூனித்தோ கடைக் கண்ணாடி அதிர்ந்தது. கூட்டம் குதித்தது. யாதிரா கேமராவை எங்கே பிடிக்கிறோம் என்பதை மறந்து புருஷனைக் கட்டிக்கொண்டாள். உலகம் முழுக்கப் பார்த்தவர்களுக்கு வானம்தான் தெரிந்திருக்கும்.

சத்தம் அடங்கியபின் நெஃப்தா ஜன்னலில் கையூன்றிக் குனிந்தான்.

"அந்தச் சலினாஸ் இன்ஜின் இப்ப எங்க இருக்கு?"

"பட்டறையில. தார்ப்பாய்க்கு அடியில."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல. பிரிச்சா தெரிஞ்சுடுமே."

"நாளைக்கு ரொட்டி போட்டுட்டு வண்டியோட வர்றேன். எடுத்துட்டு வந்து பிரிப்போம். கேமரா வேண்டாம்னா வேண்டாம்."

வீஸோ நெற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு, கூட்டத்துக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"கேமரா இருக்கட்டும். வெட்டாம எடுக்கச் சொல்லு."